கோழிக்காது

"போடுன்னா போடணும், அவ்வளவுதான். எதுத்து எதுத்துப் பேசாத, காதுன்னா என்னன்னு உனக்கு…"

"வேர்த்து வழியுதும்மா! மே மாசத்துல அதக் காதுல மாட்டிக்கிட்டு ஒரு ஷிப்ட் நின்னு பாரு, அப்பத் தெரியும்…"

"நான் நிக்காத ஷிப்டா? நீ பொறக்கறதுக்கு மின்னாடியே நான்…"

"நின்னீல்ல? காதுமூடி போட்டுக்கிட்டா நின்ன? சும்மாதான நின்ன! இப்ப எனக்கு மட்டும் வந்து…"

"மூஞ்சியப் பாத்துப் பேசுடி. தரையப் பாத்துக்கிட்டு யாருகிட்டப் பேசற?"

செருப்பைத் தேடிக் குனிந்திருந்த கிருத்திகா நிமிர்ந்தாள். அம்மா சிவகாமி நடு வீட்டில், சாப்பாட்டுத் தூக்கை ஒரு கையிலும் காதுமூடியை இன்னொரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கறுப்புக் கிண்ணங்களை ஒரு வளையத்தில் மாட்டியது போன்ற சாமான் அது. வாங்கியதிலிருந்து ஆணியில்தான் தொங்கியது.

"மூஞ்சியப் பாத்தே சொல்றேன். அதப் போட்டா எனக்குத் தறி சத்தம் பிரிஞ்சு கேக்க மாட்டீங்குது. நூல் அறுந்தா சத்தத்துலதான் தெரியும். ஆறு தறியும் ஒரே மாதிரி கும்முனு கேட்டா எதுல அறுந்துச்சுன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"கண்ணு எதுக்கு இருக்குது? பாவு நூலப் பாரு."

"ஆறு தறியக் கண்ணுலயே பாத்துக்கிட்டுச் சுத்த முடியுமா?"

"நான் சுத்தறேன்ல?"

"நீ சுத்துவ. உனக்கென்ன, கோழிக்காது! போன காது திரும்பி வந்துருச்சு. எனக்கும் போனா மொளைக்கட்டும். பஸ் ஸ்டாண்டு பேனர்ல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறது யாரு, நானா?"

பேச்சு பேனருக்கு வந்ததும் சிவகாமி வாயை மூடிக்கொண்டாள். எப்போதும் அந்த இடத்தில்தான் சண்டை நிற்கும்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த சேமலையப்பன் இதுவரை மனைவி வாயையும் மகள் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. எதிரில் தொலைக்காட்சி, சத்தத்தை அடைத்து, எழுத்தை மட்டும் ஓடவிட்டபடி இருந்தது. அவர் சிவகாமியைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்.

'சொல்லிரு.'

கிருத்திகா அதைப் பார்த்துவிட்டாள். "எதச் சொல்றது? அப்பா என்ன சொல்லச் சொல்றாரு?"

"ரேசன்ல சீனி போடறாங்களாம். போகையில கார்டு எடுத்துட்டுப் போகச் சொல்றாரு."

"அதுக்கு எதுக்கு இத்தன ரகசியம்?"

சேமலையப்பன் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓடுகிற வீடுகளில் எல்லாம் இப்படி ஒரு பேச்சு உண்டு. தறிப்பேச்சு என்பார்கள். பட்டறைக்குள் நூலைச் சுமந்து ஓடுகிற நாடா அங்குமிங்கும் அடிபடுகிற இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அதனால் குரலே கொடுக்காமல் உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள். கொஞ்சம் கையும் சேர்ந்துகொள்ளும். எட்டுத் தறி தள்ளி நிற்பவளிடம் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லலாம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் குரல் திரும்பக் கொஞ்ச நேரமாகும். கிருத்திகா மழலை பேசும்போதே தறிப்பேச்சையும் கற்றுக்கொண்டவள். பால்வாடி டீச்சர் குழந்தை ஊமை என்று நினைத்து டாக்டரிடம் காட்டச் சொன்ன கதையைச் சிவகாமி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

சேமலையப்பனை வீட்டில் உட்கார வைத்தது சைரன் விதி. ஒரு பட்டறையில் தீப்பிடித்தபோது சைரன் அலறியும் சிலர் தறியை விட்டு நகரவில்லை. அவர்களுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, சைரன் காதில் விழாத ஆள் தறியில் நிற்கக் கூடாது, வருடம் ஒரு முறை காதுப் பரிசோதனை என்று விதி வந்தது.

"சைரனோட ஒரு செவப்பு லைட்டும் மாட்டியிருந்தா நானும் பாத்துட்டு ஓடியிருப்பேன்," என்று அவர் சொல்வார். "லைட்ட மாட்டறதுக்குப் பதிலா ஆளக் கழட்டிட்டாங்க."

அந்த விதியில் அடுத்ததாகச் சிவகாமியும் போயிருக்க வேண்டியவள். அதற்குள் மருந்து வந்துவிட்டது.

மருந்தைப் பற்றிச் சொல்ல, கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். காது பரிசோதிக்கிற ரெஜினா மைக் பிடித்தாள். அப்போது அவள் வேலைக்குப் புதிது, வெட்கம் அதிகம்.

"சத்தம்னா என்னங்கக்கா? காத்து ஆடறதுதான். தறி அடிக்குது, பக்கத்துல இருக்கற காத்து அதிருது, அது அடுத்த காத்தத் தள்ளுது. அப்படியே தள்ளித் தள்ளி உங்க காதுக்குள்ள இருக்கற சவ்வுல வந்து முட்டும். சவ்வுக்குப் பின்னாடி மூணு குட்டி எலும்பு. அது ஆடி, உள்ள நத்தை ஓடு மாதிரி இருக்கற ஒரு குழல்ல போய் இடிக்கும். அந்த ஓட்டுக்குள்ள தண்ணி. தண்ணிக்குள்ள வரிசையா… வரிசையா நுண்ணிய…"

"நுண்ணிய என்னங்க?"

"முடி மாதிரி."

"மயிருன்னே சொல்லுங்கம்மிணி, இங்க எல்லாம் பொம்பளைங்கதான்!"

மண்டபம் சிரித்து அடங்கியது.

"தண்ணி ஆடுனா அந்த முடி சாயும். நெல்லு நாத்து காத்துல சாயற மாதிரி. சாஞ்சா அதுக்கு அடியில இருக்கற நரம்புல கரண்ட்டு மாதிரி ஓடி மூளைக்குப் போகும். அப்பத்தான் நமக்குக் கேக்கும். கீச்சுச் சத்தத்துக்கு உண்டான முடி எல்லாம் ஓட்டோட வாசல்ல இருக்கு. தடிச்ச சத்தத்துக்கு உள்ளாற, கடைசில. எந்தச் சத்தம் வந்தாலும் வாசல் வழியாத்தான் வரணும். அதனால வாசல்ல இருக்கறதுதான் மொதல்ல மிதிபட்டுச் சாகும். படிக்கட்டுல மொதப் படி தேயற மாதிரி."

"அதான் குக்கர் விசில் கேக்க மாட்டீங்குது, லாரி மட்டும் கேக்குது," என்றாள் சிவகாமி.

"அதேதான்க்கா. ஒருக்கா செத்தா மனுசனுக்குத் திரும்ப முளைக்காது. ஆனா கோழிக்கு முளைக்கும்."

"எந்தக் கோழிக்கு? நம்ம நாமக்கல் கோழிக்கா?"

"எல்லாக் கோழிக்குந்தான். எவ்வளவு சத்தத்துல வெச்சாலும், காது செத்தாலும், ஒரு மாசத்துல திரும்ப முளைச்சுக்கும். அது எப்படி முளைக்குதுன்னு பாத்து, அந்த மாதிரி மனுசனுக்கும் முளைக்க வெக்கறதுதான் இந்த ஊசி."

"அப்பக் கறி தின்னா போதாதுங்களா?"

"போட்டுக்கிட்டா காலங்காத்தால கூவ மாட்டமே?"

அன்றிலிருந்து அதற்குக் கோழிக்காது என்று பேர் நின்றுவிட்டது.

சேமலையப்பன் போட்டுக்கொள்ள மறுத்தார். 'எதுக்கு? நீ திட்டறதக் கேக்கறதுக்கா? வாயப் பாத்தே பாதி புரியுது. மீதி எனக்கு வேண்டாம்.'

சிவகாமி முதல் ஆளாகப் போட்டுக்கொண்டாள். மருந்து வேலை செய்தது. ஒரு காலைப்பொழுது பிளாஸ்டிக் கவரைக் கசக்கிக்கொண்டு திண்டாடிப் போனாள். "இந்தக் கவரு இத்தன சத்தம் போடுமா? சனியன், காத அறுக்குது." பிறகு மாடி வீட்டுக் கொலுசு. பிறகு பல்லி. பிறகு மகள்.

"ஏன் கண்ணு, நீ மூக்காலயா பேசற?"

"எப்பவும் இப்படித்தான்மா பேசறேன்."

"இத்தன வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே."

தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். குக்கர் விசில் அடிக்க, சிவகாமி திரும்பிப் பார்த்துச் சிரிக்க, அதைப் படம் பிடித்தார்கள். தறி முதலாளிகள் சங்கம் அந்தச் சிரிப்பைப் பேனராக்கிப் பேருந்து நிலையத்தில் மாட்டியது. பட்டறை வாசலில் இருந்த காதுமூடிப் பெட்டி முதலில் மூலைக்குப் போனது. பிறகு அதில் நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளைப் போட்டு வைத்தார்கள். இரைச்சலைக் குறைக்கத் தறிக்கு அடியில் ரப்பர் வைக்கிற பேச்சும் நின்றுபோனது. "அதான் காது மொளைக்குதே," என்றார் முதலாளி.

ஆரம்பத்தில் காதில் விழுந்த ஒவ்வொன்றையும் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்த சிவகாமி, போகப் போகச் சொல்வதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சனிக்கிழமை பரிசோதனை. தாய்க்கும் மகளுக்கும் ஒரே நாளில் வந்தது. சங்கக் கட்டடத்தில், கண்ணாடித் தடுப்பு வைத்த ஓர் அறை. தடுப்புக்கு உள்ளே ஆளை உட்கார வைத்துக் காதில் கருவியை மாட்டுவார்கள். வெளியே ரெஜினா பொத்தானை அழுத்த அழுத்த, சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும்.

முதலில் கிருத்திகா. முடிந்ததும் ரெஜினா திரையை அவள் பக்கம் திருப்பினாள். கோடு நேராகப் போய் ஓர் இடத்தில் தொங்கி, மறுபடி மேலே ஏறியது.

"இங்க ஒரு பள்ளம் பாத்தியா?"

"பள்ளம்னா?"

"மொதப் படி தேய ஆரம்பிச்சிருச்சு. காதுல கொய்ங்னு வருதா?"

"ஷிப்ட் விட்டு வந்தா வரும் மேடம். காலைல போயிரும்."

"முந்தி எப்பப் போகும்?"

கிருத்திகா யோசித்தாள். "முந்தி ஊட்டுக்கு வர்றதுக்குள்ள போயிரும்."

"ம்."

"அதுக்கென்ன மேடம், ஊசி இருக்குதில்ல?"

ரெஜினா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். கதவுக் கண்ணாடிக்கு வெளியே வராந்தா பெஞ்சில் சிவகாமி மட்டும் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிருத்திகா, ஊசி ஒரு தடவைதான். முடிக்கு அடியில ஒரு நரம்பு இழை இருக்குன்னு சொன்னேன்ல, ஒவ்வொரு தடவை முடி சாகறப்பவும் அது கொஞ்சம் சுருங்கிருது. ரெண்டாவது தடவை முடி முளைச்சாலும் பிடிச்சுக்க இழை இருக்காது. பாவு இல்லாத தறி. வெறும் ஆட்டந்தான், துணி வராது."

"ஒரு தடவ போதுமே."

"அதுதான் பிரச்சனை. புதுசா முளைச்சது பழசு மாதிரி கெட்டி இல்ல. பழசு இருபது வருசம் தாங்குச்சுன்னா, இது அதே சத்தத்துல ஒரு வருசம்கூடத் தாங்க மாட்டேங்குது. உங்கம்மாவோட போட்டவங்க எல்லாருக்கும் காது எறங்கிருச்சு. எறங்குனவங்கள சைரன் விதின்னு வேலைய விட்டு எடுத்துட்டாங்க."

"எங்கம்மாவுக்கு எறங்கலயே!"

"அவங்க ஒருத்தங்கதான் நிக்கறாங்க. நான் மருந்து நிக்கலன்னு ஒவ்வொரு தடவையும் எழுதறேன். சங்கத்துல இருந்து ஒரே பதில்தான் வருது. சிவகாமிக்கு நிக்குதே, மத்தவங்க ஒழுங்காப் பாத்துக்கலன்னு."

"அப்ப எங்கம்மா காதுல ஏதோ இருக்குது மேடம். நான் அவங்க புள்ள. எனக்கு மூக்குதான் அப்பாவுது, காது அம்மாவுது."

"வெளிய தெரியற காது வேற, உள்ள இருக்கற காது வேற. அதுக்கெல்லாம் ஆராய்ச்சி இல்லம்மா."

"திங்கக்கெழம ஏர்ஜெட் ஷெட்டுக்குக் கையெழுத்துப் போடறேன் மேடம்."

ரெஜினா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏர்ஜெட் என்பது நாடாவுக்குப் பதில் காற்றை ஊதி நூலை எறிகிற வேகத்தறி. முதலாளி புதிதாகக் கட்டியிருந்த அந்த ஷெட் முழுக்க ஏசி. இளவட்டங்கள் எல்லோருக்கும் அங்கே போகத்தான் ஆசை. அங்கே காதுமூடி கூடாது. மேஸ்திரி ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் கேட்க வேண்டும். காது போனால் ஊசி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

கிருத்திகா வெளியே வந்ததும் சிவகாமி எழுந்து வழியை மறித்தாள்.

"அதான் ஒரு தடவதான்னு சொன்னாங்கல்ல? அப்பறமும் ஏர்ஜெட்டுங்கற?"

"கதவு சாத்தியிருந்துச்சு. உனக்கு எப்படி… ஓகோ, கண்ணாடி வழியா வாயப் படிச்சயா? உன்ற கிட்ட ஒரு ரகசியம் பேச முடியுதா!"

தறிக்காரர்களுக்கு அது ஒரு பெரிய காரியமில்லை. கிருத்திகா சிரித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சிவகாமி உள்ளே போனாள். ரெஜினா கருவியை மாட்டிவிட்டுச் சொன்னாள். "அக்கா, கண்ண மூடிக்கங்க. அப்பத்தான் கவனமாக் கேக்கும்."

"கண்ண மூடுனாத் தூங்கிப் போவேனுங்க. விடியறதுக்கு மின்ன எந்திரிச்சவ. அப்பறம் கொறட்டைதான் உங்க மெசினுல ஏறும்."

"சரி சரி, தொறந்தே வெச்சுக்கங்க."

ரெஜினா சிரித்தபடி வந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்த ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவகாமியின் விரல் ஏறி ஏறி இறங்கியது. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"அக்கா, இது பதினெட்டு வயசுக் காது!" ரெஜினா கருவியைக் கழற்றிவிட்டாள். அவள் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, குழப்பமும் இருந்தது. "போன வருசத்தவிட நல்லா இருக்கு. எப்படிக்கா? என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க. சாமி புண்ணியம்."

"பாத்தீங்களா மேடம்?" வாசலில் இருந்து கிருத்திகா குரல் கொடுத்தாள். "எங்கம்மா காது, எனக்கும் அதே காது!"

சிவகாமி பையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் படி இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாடி வீட்டு மஞ்சு, குழந்தையைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். அரை ஷிப்ட் போட்டிருக்கிறார்கள், மாமியார் ஊரில் இல்லை என்றாள்.

"இப்பத்தானுங்கக்கா தூங்குனான். தொட்டில்ல போட்டாப் போதும், நான் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டான். சத்தம் மட்டும் ஆகாது. ஒரு சொட்டு சத்தம் கேட்டாலும் முழிச்சுக்குவான், பாம்புக் காது."

"போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்."

நடு வீட்டு உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கினார்கள். சேமலையப்பன் கட்டிலில் உட்கார்ந்தபடி காலால் அதை லேசாகத் தள்ளிக்கொண்டிருந்தார். சிவகாமி சமையல் மேடையில் தோசைக்கல்லைப் போட்டாள். மேடைக்கும் தொட்டிலுக்கும் நடுவில் சுவர் கிடையாது; அந்த வீட்டில் இருப்பது அந்த ஓர் அறைதான்.

கிருத்திகா ஏர்ஜெட் ஒப்பந்தத் தாளைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைத்தாள்.

சிவகாமி திரும்பினாள். "இது எதுக்கு இங்க?"

கிருத்திகா உதட்டில் விரலை வைத்துத் தொட்டிலைக் காட்டினாள். பிறகு தறிப்பேச்சுக்கு மாறினாள்.

'சாட்சிக் கையெழுத்து. நீ போடணும்.'

"போட மாட்டேன்," என்றாள் சிவகாமி மெதுவாக.

'அப்பாகிட்ட வாங்கிக்குவேன்.'

"அவரும் போட மாட்டாரு."

'ஏன், எனக்கு நல்லது நடந்தா உங்களுக்கு ஆகாதா? ஏசி ஷெட்டு. பஞ்சுத் தூசி இல்ல. எத்தன பேரு கேட்டு எனக்குக் கெடச்சிருக்குது தெரியுமா?'

"காது போயிரும் கண்ணு."

'போனா மொளைக்கும்!'

"நிக்காது. ரெஜினா சொன்னாங்கல்ல."

'உனக்கு நின்னுச்சு! உனக்கு நிக்கலாம், எனக்கு நிக்கக் கூடாதா? நீ போட்டுக்கிட்டு, பேனர்ல நின்னுக்கிட்டு, ஊரெல்லாம் உன்னையப் பாத்துப் போட்டுக்கிட்டாங்க. மஞ்சு காதுமூடியத் தூக்கி எறிஞ்சுட்டா. மத்தவங்களுக்கு எல்லாம் சரி, பெத்த புள்ளைக்கு மட்டும் வேண்டாமா?'

கிருத்திகாவின் முகம் சிவந்துபோயிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு அகல அகலத் திறந்து மூடியது. ஒவ்வொரு சொல்லுக்கும் கை காற்றை வெட்டியது. வீட்டில் தோசை பொரிகிற சத்தமும் தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசுகிற சத்தமும் தவிர வேறு எதுவும் இல்லை.

'எனக்கு என்ன வந்தாலும் உனக்குப் பொறுக்காது! காரணம் சொல்லு! ஒரே ஒரு காரணம் சொல்லு பாக்கலாம்!'

"ஏன்டி இப்படிக் கத்தற?" என்றாள் சிவகாமி. "கொழந்த முழிச்சுக்கும்!"

கையை ஓங்கியபடியே கிருத்திகா நின்றுவிட்டாள்.

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையான கோபம் முகத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்கிற பார்வையை ஜன்னல் பக்கம் ஒரு தரம் ஓட்டினாள். தோசை தீய்கிற வாடை வரவே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவகாமி போட்ட அதட்டலில் குழந்தை எழுந்துவிட்டது. முதலில் சிணுங்கியது. பிறகு மூச்சைப் பிடித்து, வீடு அதிர அலறியது. சேலைத் தொட்டில் துள்ளியது.

சிவகாமி தீய்ந்த தோசையைச் சுரண்டி எடுத்தாள். வெங்காயத்தால் கல்லைத் துடைத்தாள். ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றி, அவசரமில்லாமல், வட்டமாகத் தேய்த்தாள்.

கிருத்திகா ஓடிப்போய்த் தொட்டிலைப் பிடித்தாள். பிடித்து ஆட்டிக்கொண்டே அம்மாவின் முதுகைப் பார்த்தாள். நேற்று கண்ணாடி அறைக்குள் மூட மறுத்த கண்கள் நினைவுக்கு வந்தன. பொத்தானை அழுத்துகிற கையைப் பார்த்துப் பார்த்து ஏறி இறங்கிய விரல்.

சேமலையப்பன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குழந்தையின் அழுகையும் கேட்காது, சிவகாமி அதட்டியதும் கேட்காது. ஆனால் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டார்.

'எப்ப இருந்து?' கிருத்திகா உதட்டை மட்டும் அசைத்தாள்.

'போன தீவாளிக்கு. வெடி வெடிக்குது, எனக்குக் கேக்கலீன்னு சொன்னா.'

'எங்கிட்ட ஏன் சொல்லல?'

'சொன்னா நீ பதறுவ, பரிசோதனைல மாட்டிக்குவா. தறிய விட்டு எறக்கிருவாங்க. அப்பறம் உன்ற ஒருத்தி தலைல எல்லாம் விழும்னு பயம்.'

'நான் ஏர்ஜெட்டுக்குப் போறேன்னு சொன்னப்பறமுமா?'

'அன்னைல இருந்துதான் தெனமும் சொல்லிரு, சொல்லிருன்னு சொல்றேன். வாயத் தொறக்கறா, மூடிக்கறா. அந்தப் பேனர எப்படி எறக்கறதுன்னு அவளுக்குத் தெரியல.'

முதுகுக்குப் பின்னால் நடக்கிற இந்தப் பேச்சு சிவகாமிக்குத் தெரியவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள். ஓரத்தில் எண்ணெய் விட்டாள்.

குழந்தை விக்கலுக்கு இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கிருத்திகா தொட்டிலை அப்பாவின் காலடிக்கு விட்டுவிட்டு, மேடை ஓரத்தில் இருந்த தாளை எடுத்து இரண்டாக மடித்தாள். ஆணியில் தொங்கிய காதுமூடியைக் கழற்றி, நாளைக்குக் கொண்டுபோகிற தூக்குப் பைக்குள் வைத்தாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி வந்து நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். மூக்கால் பேசுகிறாய் என்று அம்மா ஒரு காலத்தில் கண்டுபிடித்துச் சொன்ன அந்தக் குரலில், வாய்விட்டுச் சொன்னாள்.

"அம்மா… நாளைல இருந்து காதுமூடி போட்டுக்கறேன்மா."